நோட்டீஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி சைக்கிளுக்கு ஒரு இடம் பண்ணிக் குடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூர்ல எங்க அடுக்குமாடிப் பேட்டையில இப்ப ஒரே சமயத்துல ரெண்டு வேலை நடந்துக்கிட்டு இருக்கு. காரிடார்ல சாமான் வச்சிருக்கிற வீடுகளுக்கு, பேட்டையைப் பராமரிக்கிற டவுன் கவுன்சில்லேருந்து ஆள் வந்து எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டிட்டுப் போறாங்க. இன்னொரு பக்கம் அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம், எல்லாரும் என்ஆர்பின்னு சொல்றது, அது எங்க புளோக்குகளுக்கு வரப்போகுது, என்னென்ன வேணும்னு சொல்லுங்கன்னு லிஃப்ட் பக்கத்துல போஸ்டர் போட்டிருக்காங்க. ரெண்டு காகிதமும் ஒரே போர்டுலதான் தொங்குது, ஆனா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி நடத்துறாங்க. நான் சொல்ல வர்றது இதுதான்: மேல இருக்கிற சைக்கிளையும் சாமானையும் எடுன்னு சொல்றதுக்கு முன்னாடி அதை வைக்க கீழ ஒரு இடம் பண்ணிக் குடுங்க, என்ஆர்பி காசுல முதல் வேலையா அதைப் பண்ணுங்க.

காரிடார் விதியே வேணாம்னு நான் சொல்லல. சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படை சொல்றபடி காரிடார்ல குறைஞ்சது 1.2 மீட்டர் வழி எப்பவும் திறந்து கிடக்கணும், படிக்கட்டுலயும் படிக்கட்டுத் திருப்பத்துலயும் ஒரு சாமானும் இருக்கக்கூடாது. 1.2 மீட்டர்னா நாலு அடிக்குக் கொஞ்சம் கம்மி, ஸ்ட்ரெச்சர்ல ஒரு ஆளைப் படுக்க வச்சு ரெண்டு பேர் தூக்கிட்டு வரவோ, புகையில கண்ணு தெரியாம பத்துப் பேர் சுவத்தைத் தடவிக்கிட்டே வெளிய ஓடவோ அந்த அளவு கண்டிப்பா வேணும், அதுல யாரும் பேரம் பேசக்கூடாது. 2022 மே மாசம் பிடோக் நார்த்ல ஒரு வீடு எரிஞ்சு மூணு பேர் இறந்துபோனாங்க, அதுல மூணு வயசுப் பிள்ளையும் ஒண்ணு. வீட்டுக்குள்ள அவ்ளோ சாமான் குவிஞ்சு கிடந்ததாலதான் தீயை அணைக்கிறது ரொம்பச் சிரமமாப் போச்சுன்னு அப்பவே சொன்னாங்க. அது வீட்டுக்கு உள்ள நடந்தது, காரிடார் இல்லதான், ஆனாலும் எரியிற சாமானைச் சேத்து வச்சா என்ன ஆகும்னு அதுக்கு மேல யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்ல.

இப்ப நோட்டீஸ் விஷயத்துக்கு வர்றேன். எங்க மாடியில கடைசி வீட்டுக்கு முந்தின வீட்டுல ஒரு பெரியம்மா இருக்காங்க, மகனும் மருமகளும் வேலைக்குப் போயிடுவாங்க, பேரப்பிள்ளைங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடம். அவங்க வாசல்ல ரெண்டு சைக்கிள், ஒரு செருப்பு ரேக், பழைய சாமான் வாங்குற கரங்குனிக்காரருக்காகக் கட்டி வச்ச பழைய பேப்பர், ஒரு துளசித் தொட்டி. நோட்டீஸ் முழுக்க இங்கிலீஷ்ல இருந்துச்சு, கட்டம் கட்டமா இருந்த இடத்துல ஒரு டிக் மட்டும் போட்டிருந்தாங்க, எந்தச் சாமானை எடுக்கணும்னு எழுதவே இல்ல. பெரியம்மா பயந்துபோய் முதல்ல துளசியைத் தூக்கி வீட்டுக்குள்ள வச்சிட்டாங்க. நான் தையலுக்கு வச்சிருக்கிற டேப்பை எடுத்துட்டுப் போய் அவங்க எதுக்கவே அளந்தேன். துளசித் தொட்டி சுவத்தோட ஒட்டி இருந்துச்சு, அதால ஒரு தடையும் இல்ல. செருப்பு ரேக்கும் சரி. சைக்கிள் ரெண்டும் முன்னும் பின்னுமா நிக்காம ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு நின்னுச்சு, அந்த எடத்துல மட்டும் வழி ஒரு மீட்டர்தான் இருந்துச்சு. ஒரே வரிசையா நிறுத்தினா 1.2 மீட்டருக்கு மேலயே கிடைச்சுது. பேப்பர் கட்டு எரியிற சாமான், அதை எடுத்தே ஆகணும், அன்னைக்கே எடுத்தாச்சு. இவ்ளோதான் விஷயம், தமிழ்லயோ மலாய்லயோ ஒரு ஆள் நின்னு அஞ்சு நிமிஷம் பேசியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். அந்தம்மா ரெண்டு ராத்திரி தூங்கலைன்னு மருமக வந்து சொல்லுது, எனக்கு அதைக் கேட்டு மனசே ஆறல.

சரி, சைக்கிளைக் கீழ வைக்கலாமேன்னு கேப்பீங்க. கீழ போய்ப் பாருங்க. எங்க புளோக் 80கள்ல கட்டினது, சைக்கிள் ஸ்டாண்டு இருக்கு, ஆனா அதுல பாதிக்கு மேல யாரும் தொடாத சைக்கிள். டயர் காத்துப் போய், செயின் துருப்பிடிச்சு, சீட்டுல பாசி பிடிச்சு, கூடையில காஞ்ச இலையும் பழைய டின்னும் கிடக்கு. வீடு மாறிப் போனவங்க விட்டுட்டுப் போனது, பிள்ளை வளந்ததும் விட்டது, இப்படி. நிஜமா தினமும் ஓட்டுறவங்களுக்கு இடம் கிடையாது. முன்னாடி வாய்ட் டெக், அதான் புளோக்குக்கு அடியில இருக்கிற திறந்த தளம், காலியா இருந்துச்சு, தூணோரமா சங்கிலி போட்டுக் கட்டுவாங்க, இப்ப அங்க முதியோர் நிலையம் வந்திருக்கு. அது நல்ல விஷயம்தான், எங்க பெரியவங்க காலையில அங்கதான் போறாங்க, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அதைக் கட்டும்போது அங்க நின்ன சைக்கிள் எல்லாம் எங்க போகும்னு யாரும் யோசிக்கல. அதுங்கதான் லிஃப்ட் ஏறி மேல வந்து காரிடார்ல நிக்குது. கீழ ஒரு வசதியை எடுத்தா மேல ஒரு ஆபத்து முளைக்குது, இதை ரெண்டு தனி ஃபைலா வச்சிப் பாத்தா எந்த டவுன் கவுன்சிலுக்கும் புரியாது.

என்ஆர்பி பத்தித் தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா சொல்லிடறேன். 2007ல ஆரம்பிச்ச திட்டம், முழுச் செலவும் அரசாங்கத்தோடது, வேலையை நடத்துறது டவுன் கவுன்சில். தகுதி உள்ள குடும்பங்கள்ல 75 விழுக்காடு சரின்னு வாக்குப் போட்டாத்தான் வேலை தொடங்கும். என்னென்ன பண்ணலாம்னு ஒரு பட்டியல் வரும், கூரை போட்ட நடைபாதை, விளையாட்டுத் திடல், உடற்பயிற்சி மூலை, பந்தல், லெட்டர் பாக்ஸ், லிஃப்ட் லாபிக்குப் புது டைல்ஸ், கார் வந்து ஆள் இறக்குற இடம்னு. போஸ்டர்ல பெருசாப் படம் போட்டுக் காட்டுறது பந்தலும் புதுப் பெயிண்டும்தான். பந்தல் அழகுதான், யாருக்குப் பிடிக்காது. ஆனா கட்டுறது அரசாங்கக் காசா இருந்தாலும் கட்டுனதுக்கு அப்புறம் அதைத் தினமும் கூட்டுறது, பல்பு மாத்துறது, பெயிண்ட் உதிந்தா அடிக்கிறது எல்லாமே டவுன் கவுன்சில் பொறுப்பு, அதுக்கு நாம மாசா மாசம் கட்டுற சேவை, பராமரிப்புக் கட்டணமும் சேந்துதான் போகுது. அந்தக் கட்டணம் பல டவுன்ல 2023 ஜூலையிலயும் 2024 ஜூலையிலயும் ரெண்டு தடவையா ஏறுச்சு. அப்ப நாளைக்கு எதைப் பராமரிக்கணும்னு இன்னைக்கே நாமதான் முடிவு பண்றோம். நாலு பேர் உக்காந்து படம் எடுக்கிற பந்தலுக்குப் பதிலா, ரெண்டு அடுக்கு சைக்கிள் ஸ்டாண்டு, மழை படாம மேல கூரை, ராத்திரி வெளிச்சம், திருடன் கை வைக்காம ஒரு கேமரா, இதைப் பண்ணுனா காரிடார்ல இருக்கிற சைக்கிள்ல பெரும்பாலானது தானா கீழ இறங்கிடும்னு நான் நம்புறேன். ஏன்னா யாருக்கும் ஈரத்தோட சைக்கிளை லிஃப்ட்ல ஏத்தி இறக்குறது ஆசை இல்ல, கீழ வச்சா காணாமப் போயிடும்னுதான் மேல கொண்டு வர்றாங்க.

அதோட துருப்பிடிச்ச சைக்கிள் விஷயத்தை மட்டும் என்ஆர்பி வரைக்கும் காத்திருக்காம இப்பவே செய்யலாம். ஒவ்வொரு சைக்கிள்லயும் ஒரு டேக் கட்டி, இந்தத் தேதிக்குள்ள சொந்தக்காரர் டேக்கைக் கழட்டலைன்னா எடுத்துருவோம்னு எழுதி, சொன்ன தேதியில எடுத்துட்டுப் போனாப் போதும். இதை எங்கயோ எப்பவோ செய்யாம சில மாசத்துக்கு ஒருக்கா தவறாம செய்யணும். பெரிய சாமானை எடுத்துட்டுப் போக பல டவுன் கவுன்சில்ல இலவசமா ஆள் அனுப்புறாங்க, பழைய சோபா, மெத்தை, அலமாரி எல்லாம் போன் பண்ணினா வந்து எடுப்பாங்க. எங்க புளோக்ல பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது. எச்சரிக்கை நோட்டீஸ்லயே அந்த நம்பரையும் நாலு மொழியிலயும் பெரிய எழுத்துல போட்டா என்ன குறைஞ்சுபோயிடும்?

சிலர் சொல்லுவாங்க, இடம் இல்லைன்னா சைக்கிள் வாங்காதேன்னு. சொல்றது சுலபம். எங்க புளோக்ல சாப்பாடு டெலிவரி பண்ற பிள்ளைங்க இருக்காங்க, காலையில நாலரை மணிக்கு எம்ஆர்டி ஓடாத நேரத்துல கிளீனிங் வேலைக்குப் போற அக்கா இருக்காங்க, அவங்களுக்கு அது விளையாட்டுச் சாமான் இல்ல, சம்பளம். அதே சமயம் பேட்டரி வண்டி விஷயத்துல மட்டும் நான் கொஞ்சமும் இறங்கி வர மாட்டேன். 2021 ஜூன்ல உட்லண்ட்ஸ்ல லிஃப்டுக்குள்ளயே வண்டி தீப்பிடிச்சு 20 வயசுப் பையன் இறந்தான், அந்தச் செய்தி வந்த அன்னைக்கு எத்தனை அம்மாமாருக்கு வயிறு கலங்கியிருக்கும். சட்டத்துக்குப் பொருந்தாத பேட்டரியை மாட்டுறதும், காரிடார்ல ஒயர் இழுத்து ராத்திரி பூரா சார்ஜ் போடுறதும் யாரா இருந்தாலும் நிறுத்தணும், அங்க உடனே நடவடிக்கை எடுத்தாலும் தப்பில்ல. அதுக்கும் துளசித் தொட்டிக்கும் ஒரே நோட்டீஸ், ஒரே டிக், அதைத்தான் ஏத்துக்க முடியல.

நம்ம ஆளுங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். தீபாவளி, கார்த்திகை வந்தா காரிடார் சுவத்தோரமா அகல் விளக்கு வைக்கிறோம், பாக்க அவ்ளோ நல்லா இருக்கும், சீன அங்கிள், மலாய் மாக்சிக் எல்லாம் நின்னு பாத்துட்டுப் போவாங்க. ஆனா விளக்குக்கு ஒரு சாண் தள்ளி அட்டைப்பெட்டியும் பேப்பரும் இருக்கிற வீட்டை நான் பாத்திருக்கேன். கோலமும் விளக்கும் இருக்கட்டும், அட்டைப்பெட்டி போகட்டும். விளக்கு எரியிற வரைக்கும் வீட்டுல பெரியவங்க யாராவது பக்கத்துல நிக்கட்டும்.

இன்னொண்ணு, என்ஆர்பி கலந்துரையாடல் வச்சா நம்ம ஆளுங்க வர்றதே இல்ல, எனக்கு இங்கிலீஷ் சரியா வராது, நமக்கு எதுக்குன்னு ஒதுங்கிடுறாங்க. டவுன் கவுன்சில்னா ஏதோ ஆபீஸ்னு நெனைக்காதீங்க. முன்னாடி வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே (வீவக) எல்லாத்தையும் பாத்துச்சு, 1986ல அங் மோ கியோவுல சோதனையா ஆரம்பிச்சு, 1988ல சட்டம் கொண்டு வந்து, குடியிருக்கிறவங்களுக்கும் அவங்க தேர்ந்தெடுத்த எம்.பி.க்கும் பேட்டையை நடத்துற பொறுப்பைக் குடுத்தாங்க. நியமிக்கிற உறுப்பினர்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேர் அந்த டவுன் வீவக வீடுகள்ல குடியிருக்கிறவங்களா இருக்கணும்னே விதி. அதனால அங்க போய் கை தூக்கிப் பேசுறது நம்ம உரிமை. தமிழ்லயே பேசுங்க, மொழிபெயர்க்கிறது அவங்க வேலை. வர முடியாதவங்க சர்வே ஃபாரத்துல எழுதுங்க, பேட்டைக் குறைகளைச் சொல்ற ஒன்சர்வீஸ் ஆப்ல போடுங்க, எம்.பி. மக்களைச் சந்திக்கிற நாள்ல போய் உக்காருங்க. பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளைப் படம் எடுத்து ஆப்ல போடுறதுக்குக் காட்டுற சுறுசுறுப்பை, கீழ ஸ்டாண்டு கேட்டுப் போடுறதுலயும் காட்டுங்க.

டவுன் கவுன்சில்ல இருக்கிறவங்க இந்தப் பத்திரிகையைப் படிக்கிறாங்கன்னு நெனச்சுத்தான் எழுதறேன். கலந்துரையாடலுக்கு வரும்போது ஒவ்வொரு புளோக்குக்கும் எத்தனை சைக்கிள் மேல இருக்கு, கீழ எத்தனை இடம் இருக்குன்னு எண்ணிட்டு வாங்க. வரைபடத்துல பந்தலுக்கு முன்னாடி சைக்கிள் ஸ்டாண்டைக் குறிச்சுட்டு வாங்க. அந்த ஸ்டாண்டு கட்டி முடியிற வரைக்கும் எரியிற சாமானுக்கும், படிக்கட்டுல இருக்கிற சாமானுக்கும், பேட்டரிக்கும், 1.2 மீட்டரை மறிக்கிற எதுக்கும் மட்டும் நோட்டீஸ் ஒட்டுங்க, ஒட்டும்போது ஒரு அளவு டேப்பும் அந்த வீட்டு மொழி தெரிஞ்ச ஒரு ஆளும் கூட வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி