நீ எழுதிய கப்பல் கதை பற்றி

பி.வி. காலனி, வியாசர்பாடி
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் குடும்பம் பர்மாவிலிருந்து வந்த கதை என்று நீ எழுதி அனுப்பிய பதினான்கு பக்கமும் வந்து சேர்ந்தது. போனில் படித்தால் எழுத்தெல்லாம் எறும்பு போல ஊர்கிறது. அதனால் உன் அண்ணன் மகன் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பெரிய எழுத்தில் எடுத்து வந்தான். பக்கத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கியிருக்கிறான் கடைக்காரன். கொள்ளை.

மழை விட்டுவிட்டது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் வழக்கம்போலத் தண்ணீர். இரண்டு நாள் பஸ்கள் சுற்றிக்கொண்டு போயின. நம் தெருவில் கணுக்கால் வரைதான். அம்மாவுக்கு இடது கண்ணிலும் அறுவை முடிந்துவிட்டது. ஒரு மாதம் எதையும் படிக்கக் கூடாதாம். ஆகவே உன் பக்கங்களை நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அதற்கு முன் ஒன்று. கூடத்தில் மாட்டியிருக்கும் உங்கள் கல்யாணப் படம் ஈரத்தில் உப்பிப்போய்விட்டது. புதிதாக எடுத்த படம் ஒன்று அனுப்பச் சொல்கிறாள் அம்மா. நீங்கள் இருவரும் சேர்ந்து நிற்கிற படமாக இருக்கட்டும். அவசரம் இல்லை. இந்த வாரத்துக்குள் அனுப்பினால் போதும்.

நன்றாக எழுதியிருக்கிறாய். அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு தமிழில் எழுதினாயே, அதற்கே உனக்குத் தனியாக ஏதாவது தர வேண்டும். பக்கத்து வீட்டு ஆசிரியரிடம் முதல் இரண்டு பக்கத்தைக் காட்டினேன். ஒற்றுப்பிழை ஏழு என்றார். அவருக்கு வேறு வேலை இல்லை. ஆனால் கணக்குப் பிழைகளும் இருக்கின்றன. கடையில் ஒரு ரூபாய் இடித்தாலும் இரவு எனக்குத் தூக்கம் வராது என்பது உனக்குத் தெரியும்.

பர்மா அரசு கடைகளை எடுத்துக்கொண்டது 1962 என்று போட்டிருக்கிறாய். 1962 மார்ச்சில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளுக்கு ஆள் வந்தது 1964 மார்ச்சில். ரங்கூனில் நம் துணிக்கடை மொகல் தெருவும் டல்ஹவுசி தெருவும் கூடுகிற இடத்திலிருந்து நான்கு கடை தள்ளி. காலையில் தாத்தா போனபோது வாசலில் ஒரு சிப்பாயும் ஒரு குமாஸ்தாவும் நின்றார்கள். பூட்டைத் திறக்கச் சொன்னார்கள். துணிக்கட்டுகளை எண்ணச் சொன்னார்கள். எண்ணி முடித்துச் சாவியை வாங்கும்போது, "ஒரு கட்டு விட்டுப்போயிற்று, மேல் தட்டில் இருக்கிறது" என்று தாத்தாவே சொல்லித் திருத்தினார். பறிகொடுக்கிற சரக்குக்கும் கணக்கு நேராக இருக்க வேண்டும் அவருக்கு. அதே வருஷம் மே 17 அன்று ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பாட்டி அரிசிப் பானைக்குள் வைத்திருந்ததெல்லாம் நூறு. அதில் இரண்டை மட்டும் பச்சைப் பெட்டியின் உள்துணிக்கு அடியில் செருகி வைத்தாள். அந்தத் துணியைக் கிழித்து நீ அடி வாங்கியது ஞாபகம் இருக்கிறதா?

பிறகு, எங்களை அகதிகள் என்று எழுதாதே. எங்கள் அட்டையில் இருந்தது 'தாயகம் திரும்பியோர்'. நானும் பிறந்தது ரங்கூன், என் அப்பா பிறந்ததும் ரங்கூன். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம் என்று மட்டும் தாத்தா சொல்வார். பார்த்தே இராத ஊருக்குத் திரும்புவது எப்படி என்று சென்னைத் துறைமுகத்தில் எந்த அதிகாரியும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் அந்த வருஷங்களில் அப்படித் 'திரும்பினார்கள்' என்கிறார்கள். இங்கே எங்களுக்குப் பர்மாக்காரர்கள் என்று பெயர். அங்கே கலா, அதாவது அந்நியர்.

ராத்திரி கதவைத் தாழ் போட்டுக்கொண்டு படு. போன மாதம் வீடியோவில் பேசியபோது உன் முதுகுக்குப் பின்னால் அந்தக் கொக்கி தெரிந்தது. எப்போதும் மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டு தொங்குமே, அது. அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றாய். வேலைக்குப் போட்டுக்கொண்டு போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமையிலும் வேலை இருக்கக்கூடும். நான் ஒன்றும் கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. ஒரு ஆளுக்குத்தானே என்று சமைக்காமல் இருந்துவிடாதே. அவர் வெளியூர் போகிற நாட்களில் என்ற அர்த்தத்தில் சொல்கிறேன்.

இனி ஒன்பதாம் பக்கம்.

நானும் அம்மாவும் ஒரே கப்பலில் வந்தோம், மூன்றாம் நாள் அவள் வாந்தி எடுத்து மேல்தளத்தில் சுருண்டு கிடந்தபோது நான் தகரக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், அந்தக் குவளையிலிருந்துதான் நம் குடும்பமே தொடங்கியது என்று அழகாக எழுதியிருக்கிறாய். அதற்குப் பிறகு ஒரு நாள்கூடப் பிரிந்ததில்லை என்றும் எழுதியிருக்கிறாய்.

இதை நான் படித்தபோது அம்மா முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தினேன். அவள் நிமிரவில்லை. ஒரு இணுக்கைக் கையில் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக உருவி, காம்பைத் தனியாகப் போட்டாள். "சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். மேலே படியுங்கள்" என்றாள். படித்தேன். பத்தாம் பக்கத்தில் எனக்கு டைபாய்டு வந்து படுத்துவிட்டதால் அவள் பர்மா நூடுல்ஸ் அத்தோ விற்கப் போனாள் என்று இருந்தது. அதற்கும் அவள் நிமிரவில்லை.

பாப்பா, எனக்கு டைபாய்டு வந்ததே இல்லை.

இந்தக் கதைகளை அவள் உங்களிடம் சொல்லி வைத்திருக்கிறாள் என்பதே எனக்கு உன் பக்கங்களைப் படித்துத்தான் தெரியும். எண்பத்தொரு வயதில், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்துக்கு ஐந்து ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் ஒரே கப்பலில் வரவில்லை. அவள் 1964 கடைசியில் அவளுடைய அப்பா அம்மாவோடு வந்தாள். ரங்கூன் துறைமுகத்தில் காதில் கிடந்ததைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள், வேப்பங்குச்சியோடு இறங்கினாள். நான் மறு வருஷம் பெரிய அத்தையோடு வந்தேன். தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். பாட்டி சித்தப்பாவோடு ரங்கூனிலேயே இருந்துகொண்டாள். முகாமில் மண்ணெண்ணெய் வரிசையில் பெரிய அத்தைக்கும் அம்மாவின் அம்மாவுக்கும் சண்டை. அந்தச் சண்டையில் ஆரம்பித்த பழக்கம்தான் சம்பந்தத்தில் முடிந்தது. 1967 ஆவணியில் இரவீஸ்வரர் கோயிலில் தாலி கட்டினேன். அவள் முகத்தில் மஞ்சளோடு பர்மாப் பெண்கள் பூசும் தனகாவும் கொஞ்சம் பூசியிருந்தாள். ஐயர் அதை விபூதி என்று நினைத்தார்.

காலனி வீடு அப்போது கைக்கு வரவில்லை. கால்வாய் ஓரத்தில் ஓலைக் குடிசை. பத்து வயதிலிருந்து கல்லாவில் உட்கார்ந்தவன் நான். இங்கே துறைமுகத்தில் மூட்டைக்குக் கூலி. அவள் கர்ப்பமாக இருந்தாள். இங்கே ஒட்டாமல் பர்மாவுக்கே திரும்பப் பலர் கிளம்பினார்கள். மணிப்பூர் எல்லையில் மோரே வரை போய்விட்டால் எதிரே தமு, அங்கிருந்து நடந்தே உள்ளே போகலாம் என்று பேச்சு. பாட்டியை அழைத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு 1968 பங்குனியில் கிளம்பினேன்.

ஆளை அழைத்து வரப் போகிறவன் பெட்டியையும் தூக்கிக்கொண்டா போவான்? பச்சைப் பெட்டி என் தோளில் இருந்தது. அவள் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வழிக்குப் பொரித்த பூண்டும் சோறும் கட்டிக் கொடுத்தாள்.

மணிப்பூர் ரோடு வரை ரயில், அங்கிருந்து லாரியில் இம்பால், பிறகு மோரே. எங்கள் கூட்டத்தைப் பர்மா சிப்பாய்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றே நான் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. என்னைப் போல நின்றுபோனவர்கள் அங்கேயே கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். ஒரு மளிகைக்காரரிடம் கணக்கு எழுத உட்கார்ந்தேன். மறுபடி கல்லா. மறுபடி பர்மியப் பேச்சு காதில் விழுந்தது. சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பதினொரு மாதம். அந்த ஊரில் தபால் கார்டு கிடைத்தது. என்னிடம் பேனாவும் இருந்தது. ஊருக்கெல்லாம் பற்று வரவு எழுதினேன். அவளுக்கு ஒரு வரி எழுதவில்லை.

2023இல் நீயும் மாப்பிள்ளையும் வந்திருந்தபோது, மணிப்பூர்க் கலவரச் செய்தியில் மோரே என்று பெயர் வந்ததும் டிவியை அணைத்துவிட்டு எழுந்து போனேனே, அது இதனால்தான். ஏன் அணைத்தீர்கள் என்று நீ கேட்டாய். கண் எரிகிறது என்றேன்.

திரும்பி வந்ததும் பெரிய மனம் திருந்தி ஒன்றும் இல்லை. மலேரியா வந்தது, பேன் பிடித்துத் தலையை மொட்டை அடித்தார்கள், மளிகைக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார். பெட்டியோடு சென்ட்ரலில் இறங்கியபோது அண்ணா இறந்து நான்காம் நாள், 1969 பிப்ரவரி. ஊர் முழுக்கக் கறுப்புக்கொடி. என் மொட்டையைப் பார்த்தவர்கள் அண்ணாவுக்காக அடித்தது என்று நினைத்து வழி விட்டார்கள். ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

குடிசை வாசலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் வெங்காயம் பொரித்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை, உன் அண்ணன். என்னைப் பார்த்தாள். "இவனைப் பிடியுங்கள், எண்ணெய் காய்ந்துவிட்டது" என்று குழந்தையை என் கையில் கொடுத்தாள். பிறகு முட்டைக்கோஸை அரிந்தாள், வறுத்த கடலை மாவை டப்பாவில் அடைத்தாள், வாழைத்தண்டு சூப்பைத் தூக்கில் ஊற்றி, கூடையைத் தலையில் ஏற்றினாள். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்களாம். மூலக்கொத்தளம் வழியாகச் செகண்ட் லைன் பீச் வரை நடந்தே போய் விற்றுவிட்டு இரவு பத்து மணிக்கு வந்தாள். அதுவரை அந்தக் குழந்தை என் மொட்டைத் தலையைத் தடவித் தடவி அழுதது.

அவர் அஸ்ஸாமில் வேலைக்குப் போயிருக்கிறார் என்று தெருவில் சொல்லி வைத்திருந்தாள். பிரசவம் பார்த்த கிழவியிடமும் அதையே சொல்லியிருக்கிறாள். அந்த வருஷம் பர்மா பஜார் வந்தபோது கடைக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததும் அவள்தான். மனுவில் மட்டும் என் பெயர். 'அப்பாவின் கடை' என்று நீ எழுதியிருப்பதில் அப்பாவையும் அடித்துவிடு.

ஏன் போனீர்கள் என்று இந்த ஐம்பத்தாறு வருஷத்தில் அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. கேட்காமல் விட்டாளே, அது மன்னிப்பு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். முந்தாநாள் அந்தக் கீரையை உருவியதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

உனக்குக் கேள்வி கேட்கத் தெரியும். எந்தத் தேதி, எந்தக் கப்பல், யார் முதலில் பேசியது என்று ஆறு மாதமாக எங்களைக் குடைந்தாய். இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது எதற்கு இவளுக்கு எங்கள் கல்யாணக் கதை என்று நான் யோசிக்காமல் இல்லை. சரி, விடு. எதை எழுதுவது, எதை விடுவது என்பது உன் இஷ்டம். குவளைக் கதையை எடுத்துவிட்டால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும், நான் சொல்லிவிட்டேன் என்று. தெரியட்டும்.

பச்சைப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லியிருக்கிறேன். பொங்கலுக்கு வர முடிந்தால் வா. தனியாகத்தான் வர முடியும் என்றால் தனியாக வா. தெருவில் யாராவது கேட்டால் மாப்பிள்ளைக்கு வேலை என்று அம்மா சொல்லிக்கொள்வாள். அதில் அவளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு வெளியே போ. வேளாவேளைக்குச் சாப்பிடு. மேலே படம் கேட்டிருந்தேனே, இருவரும் நிற்கிற படம் தேட வேண்டாம். நீ மட்டும் இருக்கிறது எதுவாக இருந்தாலும் அனுப்பு. பக்கத்திலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறதா என்று அம்மா பார்க்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
அப்பா