இடையில் எத்தனை பேர்?

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று எழுதியிருந்தாய், படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. தெருமுனையில் வருகிற ஆளைக் கண்ணாடி இல்லாமலே யாரென்று சொல்கிறாள். வீட்டில் எல்லோருக்கும் அதில் ஒரே சந்தோஷம்.

உன் மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தது ரொம்ப நல்ல செய்தி. ரீசனிங்கில் (தர்க்கக் கேள்விகளில்) மற்றதெல்லாம் வருகிறது, வரிசையில் யார் எத்தனையாவது என்று கேட்கும் ஆர்டர் அண்ட் ரேங்கிங் கணக்கில் மட்டும் மாக் டெஸ்டில் தொடர்ந்து மார்க் போகிறது, ஃபார்முலா எல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தும் ஏன் இப்படி என்று கேட்டிருந்தாய். சாயங்கால வகுப்பில் நான் அதிகம் மல்லுக்கட்டுவது இந்தப் பகுதியோடுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கடிதத்தை அவளிடமே கொடுத்துவிடு.

ஃபார்முலா தெரிந்திருப்பதுதான் அவளுக்குச் சிக்கல் என்று நினைக்கிறேன். வழிகாட்டிப் புத்தகங்களில் ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருப்பார்கள்: இங்கே ஒன்றைக் கழி, அங்கே ஒன்றைக் கூட்டு, இன்னொரு இடத்தில் இரண்டைக் கழி. தேர்வு அவசரத்தில் எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்பது குழம்பிவிடுகிறது. அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டுப் பழகச் சொல்: "இந்த எண்ணிக்கையில் அந்த ஆள் சேர்ந்திருக்கிறாரா, இல்லையா?"

கவிதா இடமிருந்து 12-வது, வலமிருந்து 17-வது என்று வைத்துக்கொள். வரிசையில் மொத்தம் எத்தனை பேர்? அவளுக்கு இடப்பக்கம் 11 பேர், வலப்பக்கம் 16 பேர், நடுவில் அவள் ஒருத்தி. ஆக 28. 12-ஐயும் 17-ஐயும் அப்படியே கூட்டினால் 29 வருகிறது, ஏனென்றால் அந்த இரண்டு எண்ணிலும் கவிதா இருக்கிறாள். நம்பிக்கை வரவில்லை என்றால் கையை விரித்துப் பார்க்கட்டும். ஆள்காட்டி விரல் கட்டைவிரல் பக்கமிருந்து 2-வது, சுண்டுவிரல் பக்கமிருந்து 4-வது. கூட்டினால் 6, கையில் இருப்பதோ 5. ஃபார்முலாவில் சந்தேகம் வந்தால் இப்படிச் சின்ன எண்ணில் போட்டுப் பார்க்க ஐந்து வினாடிகூட ஆகாது. பரீட்சை ஹாலுக்குள் கையைக் கொண்டுபோக யாரும் தடை சொல்லமாட்டார்கள்!

இதையே திருப்பிக் கேட்பார்கள். 45 பேர் வகுப்பில் மேலிருந்து 19-வது ரேங்க், கீழிருந்து எத்தனையாவது? அவனுக்குக் கீழே 26 பேர், அதனால் அவன் 27-வது. 26 என்பது ஆப்ஷனில் அநேகமாக இருக்கும். கேள்வி எடுப்பவருக்குப் பிள்ளைகள் எங்கே அவசரப்படுவார்கள் என்று தெரியும். ஆண், பெண் கலந்து வரும் கணக்கிலும் இதே கதைதான். 48 பேர் வகுப்பில் பெண்கள் ஆண்களைப் போல் மூன்று மடங்கு. குமார் 20-வது ரேங்க், அவனுக்கு முன்னால் 14 பெண்கள். பின்னால் எத்தனை ஆண்கள்? ஆண்கள் மொத்தம் 12. முன்னால் இருக்கும் 19 பேரில் 14 போக ஆண்கள் 5. மீதி 7 என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அந்த 7-இல் குமாரும் ஒருவன். விடை 6.

கேள்வியை வாசிக்கும்போது சில சொற்களுக்கு அடியில் பென்சிலால் கோடு போடச் சொல். "8-வது இடம்" வேறு, "முன்னால் 8 பேர்" வேறு. "இருவருக்கும் இடையில் 5 பேர்" என்றால் இரண்டு இடங்களுக்கும் வித்தியாசம் 6. "5 இடம் தள்ளி" என்றால் வித்தியாசம் 5-தான், இடையில் 4 பேர். என் வகுப்புப் பிள்ளைகளின் தப்புகளில் பாதிக்கு மேல் வாசிப்பில் வருபவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, கணக்கில் அவர்கள் கெட்டிதான்.

இடையில் எத்தனை பேர் என்ற கேள்விக்கு வருகிறேன். அவளுடைய மார்க் பெரும்பாலும் இங்கேதான் போயிருக்கும் என்பது என் ஊகம். 40 பேர் வரிசை. மணி இடமிருந்து 14-வது, ராணி வலமிருந்து 18-வது. 40-இல் 32 போனால் இடையில் 8 பேர், சரி. இப்போது மணி இடமிருந்து 25, ராணி வலமிருந்து 22 என்று மாற்று. கூட்டினால் 47, மொத்தத்தைவிட அதிகம். அதாவது இருவரும் ஒருவரையொருவர் தாண்டி நிற்கிறார்கள். இதற்கென்று தனி ஃபார்முலா உண்டு, கூட்டியதில் மொத்தத்தைக் கழித்து இன்னும் இரண்டைக் கழிக்க வேண்டும். அதை நான் சொல்லிக்கொடுப்பதே இல்லை. எல்லாரையும் ஒரே முனையிலிருந்து எண்ணு என்பேன். ராணி வலமிருந்து 22 என்றால் அவளுக்கு இடப்பக்கம் 18 பேர், ஆகவே இடமிருந்து 19-வது. மணி 25. நடுவில் 20 முதல் 24 வரை, 5 பேர். தாண்டி நின்றாலும் நிற்காவிட்டாலும் இந்த வழி ஒன்றுதான்.

மொத்தம் தெரியாதபோதுதான் விஷயம் சுவாரசியமாகிறது. மணி இடமிருந்து 15, ராணி வலமிருந்து 20, இடையில் 6 பேர். மொத்தம் எத்தனை? பத்துக்கு ஒன்பது பேர் 15, 20, 6 மூன்றையும் கூட்டி 41 என்பார்கள். அதுவும் ஒரு விடைதான். ஆனால் ராணி மணிக்கு இடப்பக்கம் நிற்கக்கூடாது என்று கேள்வி சொல்லவில்லையே! அப்படி நின்றால் மணி 15-இல், ராணி 8-இல், இடையில் 9 முதல் 14 வரை 6 பேர். ராணிக்கு இடப்பக்கம் 7 பேர், வலப்பக்கம் 19 பேர், அவளோடு சேர்த்து மொத்தம் 27. இரண்டு வரிசையும் கேள்வியில் சொன்ன எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. "குறைந்தபட்சம் எத்தனை பேர்" என்று கேட்டிருந்தால் 27. வெறுமனே "எத்தனை பேர்" என்று கேட்டு, "தீர்மானிக்க இயலாது" என்று ஓர் ஆப்ஷனும் இருந்தால் அதுதான் விடை.

இந்தத் "தீர்மானிக்க இயலாது" ஆப்ஷனைப் பற்றி அவளிடம் தனியாகப் பேசு. சில பேர் அதைத் தொடவே பயப்படுவார்கள், சில பேர் விடை வராதபோதெல்லாம் அதைத் தட்டிவிடுவார்கள். இரண்டுமே நெகட்டிவ் மார்க்கில், அதாவது தப்பு விடைக்கு மார்க் குறைப்பதில், கொண்டுபோய் விடும். அதைத் தேர்ந்தெடுக்கும் முன் ரஃப் ஷீட்டில் வேறு வேறு விடை தருகிற இரண்டு வரிசையைப் போட்டுக் காட்ட வேண்டும், இரண்டும் எல்லா நிபந்தனைக்கும் ஒத்துவர வேண்டும். போட முடிந்தால் தைரியமாகத் தட்டலாம். முடியவில்லையா, ஏதோ ஒரு வரியை விட்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

உயரம், எடை ஒப்பிடும் கேள்விகளிலும் இதுதான் உதவும். "கமலாவைவிட ராதா உயரம், சீதா ராதாவைவிடக் குட்டை." எழுதியவுடன் ராதா, கமலா, சீதா என்று ஒரே கோட்டில் அடுக்கிவிடுகிறது கை. கமலாவுக்கும் சீதாவுக்கும் யார் உயரம் என்று கேள்வி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ராதாவை மேலே எழுதி, அவளுக்குக் கீழே கிளை பிரித்து இரண்டு பக்கமும் இருவரையும் எழுதிவைக்க வேண்டும், சேர்த்துவைக்க ஒரு வரி கிடைக்கும்வரை. கேள்வியை முதல் வரியிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. "மீனாவைவிட இருவர் மட்டுமே உயரம்" என்று எங்காவது இருந்தால் மீனா 3-வது என்று உடனே உறுதியாகிறது. அங்கே ஆணியடித்துக்கொண்டு மற்றவரைச் சுற்றிலும் நிரப்பலாம்.

இடம் மாறி உட்காரும் கணக்கு எனக்குப் பிடித்தமானது. அருண் இடமிருந்து 9-வது, பாலா வலமிருந்து 14-வது. இருவரும் இடம் மாற்றிக்கொண்டபின் அருண் இடமிருந்து 21-வது. மொத்தம் எத்தனை பேர், பாலா இப்போது வலமிருந்து எத்தனையாவது? பிள்ளைகள் நாலு எண்ணைத் தேடித் தவிப்பார்கள். நாற்காலியைப் பார், ஆளைப் பார்க்காதே என்று சொல்வேன். அருண் இப்போது உட்கார்ந்திருப்பது பாலாவின் பழைய நாற்காலியில். அது வலமிருந்து 14, இடமிருந்து 21, ஆகவே மொத்தம் 34 பேர். பாலா உட்கார்ந்திருப்பது அருணின் பழைய நாற்காலியில், இடமிருந்து 9. அவனுக்கு வலப்பக்கம் 25 பேர், அதனால் வலமிருந்து 26-வது. நாற்காலி நகரவில்லை என்று புரிந்த அன்றைக்கு ஒரு பெண் வகுப்பிலேயே "அவ்வளவுதானா மிஸ்!" என்று கத்திவிட்டாள். அதைக் கேட்கத்தான் நான் சாயங்காலமானால் ஓடுகிறேன் என்று வைத்துக்கொள்ளேன்.

வேகத்தைப் பற்றி இப்போதைக்கு அவள் கவலைப்பட வேண்டாம். முதலில் நேரம் பார்க்காமல், ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு கோடு கிழித்து, இடங்களைக் குறித்துப் போடட்டும். கொஞ்ச நாளில் கோடு தானாகவே மனசுக்குள் போய்விடும், அதற்கப்புறம் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்ளலாம். தேர்வில் ஓரிரு வரிக் கணக்குகளை முதலில் முடித்துவிட்டு, ஏழெட்டு பேரை எடைப்படி அடுக்கச் சொல்லும் நீளப் புதிர்களைப் பிறகு எடுக்கலாம். கிளை பிரிந்துகொண்டே போனால் விட்டுவிட்டு நகர்வதும் ஒரு திறமைதான்.

ஒரு உதவி செய், தப்பாகப் போன கணக்குகளின் ரஃப் ஷீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல். விடை என்ன தட்டினாள் என்பது எனக்குத் தேவையில்லை, கிறுக்கல் அப்படியே வேண்டும், அழிக்காமல். எங்கே கை தடுமாறுகிறது என்று அதில்தான் தெரியும். ஞாயிறு மதியம் எனக்கு வகுப்பு இல்லை, அவளுக்கு வசதியென்றால் போனில் கூப்பிடட்டும். பக்கத்திலேயே நீயும் உட்காரு, உன்னோடும் பேசி எவ்வளவு நாளாகிறது.

அன்புடன்,
உன் தோழி