விழாவைத் தடுப்பது இனப்படுகொலையா? சிறுநூல் அச்சிட உங்கள் பங்கு வேண்டும்

நண்பர்களே,

போர்க்காலத்தில் ஒரு மக்களின் விழாவைத் தடை செய்தால் அது இனப்படுகொலை ஆகுமா? எங்கள் வாசிப்பு வட்டத்தில் கொஞ்ச நாளாக இதுதான் பேச்சு. ஆகும் என்று ஒரு பக்கம், விழாவை நிறுத்தினால் யாரும் சாகவில்லையே என்று இன்னொரு பக்கம். சரி, இதை எளிய தமிழில் ஒரு சிறுநூலாகவே கொண்டுவந்துவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

நூலில் பெரும்பகுதி போலந்து பற்றியது. 1939-இல் நாஜிப் படை புகுந்த பிறகு நவம்பர் 11 சுதந்திர நாளையும் மே 3 அரசியலமைப்பு நாளையும் கொண்டாட முடியாமல் போனது, போலந்தின் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஷோப்பானின் இசைக்கு மேடையில் தடை வந்தது, மக்கள் வீடுகளுக்குள் ரகசியமாக வாசித்தார்கள், 1940 மே 31 அன்று வார்சாவில் அவருடைய சிலையையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். கிராக்கோ பேராசிரியர்களைக் கூட்டம் என்று அழைத்து அப்படியே வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். இனப்படுகொலை (genocide) என்ற சொல்லை உருவாக்கிய போலந்து யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின் பண்பாட்டு அழிப்பையும் இனப்படுகொலையின் ஒரு பகுதியாகவே பார்த்தார்.

ஐ.நா.வின் இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்த வரைவிலும் பண்பாட்டு அழிப்புக்குத் தனிப் பிரிவு இருந்தது: மொழிக்குத் தடை, நூலகங்களையும் வழிபாட்டிடங்களையும் அழிப்பது எல்லாம் அதில் வந்தன. 1948 அக்டோபர் 25 அன்று 25-க்கு 16 என்ற வாக்கில் அதை நீக்கிவிட்டார்கள். அது பெரிய தவறு என்பதுதான் எங்கள் கருத்து.

ஆக, இன்றைய சட்டப்படி விழாத் தடை மட்டும் இனப்படுகொலை ஆகாது. ஆனால் கொலைகளோடு சேர்ந்து நடக்கும்போது, ஒரு மக்களின் பண்பாட்டு, சமயச் சொத்துகள், சின்னங்கள் மீதான தாக்குதலை அவர்களை அழிக்கும் நோக்கத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா படுகொலை வழக்கில் ஐ.நா.வின் யூகோஸ்லாவியா தீர்ப்பாயம் 2001-லும், சர்வதேச நீதிமன்றம் 2007-லும் சொல்லியிருக்கின்றன. இந்த வழக்குகளில் நோக்கத்தை நிரூபிப்பதுதான் மிகக் கடினம். அதனால் தடை உத்தரவு எப்போது வந்தது, யார் கையெழுத்து என்ற பதிவு ஒவ்வொன்றும் முக்கியம். எல்லாத் தடையையும் இனப்படுகொலை என்று கூவினால் உண்மையான வழக்குதான் பலவீனமாகும்.

கடைசி அத்தியாயம் யாழ்ப்பாணம்: 1981 நூலக எரிப்பு, அப்புறம் போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து 2021 ஜனவரியில் பல்கலைக்கழகத்தில் இடிக்கப்பட்ட முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி.

64 பக்கம், 1000 பிரதிகள். எழுதுபவர்கள் யாரும் பணம் வாங்கவில்லை, அச்சுக்கும் தபாலுக்கும் மட்டும் பிரதிக்கு 50 ரூபாய் ஆகிறது. பாதிப் பிரதிகள் ஊர் நூலகங்களுக்கு இலவசமாகப் போகும். 500 ரூபாய் கொடுத்தால் பத்துப் பிரதி உங்கள் கணக்கு, முடிந்ததைக் கொடுங்கள். பொருளாளர் ரசீது தருவார், செலவுக் கணக்கு முழுவதையும் நூல் வந்ததும் எல்லோருக்கும் அனுப்புவோம். பணம் முடியாதவர்கள் மெய்ப்பு பார்த்துத் தாருங்கள், உங்கள் ஊர் நூலகத்தின் முகவரியையும் அனுப்புங்கள்.