வெளிநாட்டு அரசுக் கப்பலைப் பிடிக்கலாமா, கூடாதா? சட்டத்திலேயே எழுதிவிடுங்கள்

மத்திய கப்பல் துறைக்கும் சட்டத் துறைக்கும், மதுரையிலிருந்து வணக்கம்.

கடல்சார் வழக்குகளில் கப்பலைப் பிடித்து வைக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் 2017 அட்மிரால்டி சட்டத்தில் ஒரு வரியைத் திருத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். மதுரைக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்றால், தூத்துக்குடி துறைமுகம் எங்கள் உயர் நீதிமன்றக் கிளையின் எல்லைக்குள் வருகிறது, 2013-ல் ஆயுதங்களோடு பிடிபட்ட சீமேன் கார்டு ஓஹியோ வழக்கும் இங்கேதான் வந்தது. அது தனியார் கப்பல். நாளைக்கு வருவது இன்னொரு நாட்டுக் கடற்படைக் கப்பலாக இருந்தால்?

2012 அக்டோபரில் கானாவின் டெமா துறைமுகத்தில் அதுதான் நடந்தது. அர்ஜென்டினா கடற்படையின் பயிற்சிக் கப்பல் லிபர்டாட் அங்கே நின்றிருந்தபோது, அர்ஜென்டினா கடன் பத்திரப் பணத்தைத் தரவில்லை என்று ஒரு முதலீட்டு நிறுவனம் வழக்குப் போட, அக்ரா நீதிமன்றம் கப்பலைப் பிடித்து வைக்கச் சொல்லிவிட்டது. நவம்பரில் துறைமுகத்தார் அதை வேறு இடத்துக்கு நகர்த்த ஏறப்போனார்கள், மாலுமிகள் ஆயுதத்தோடு நின்று தடுத்தார்கள். போரே இல்லாத காலம், வெறும் கடன் வழக்கு, ஆனால் யாராவது ஒருவர் அவசரப்பட்டிருந்தால் உயிர் போயிருக்கும். கடைசியில் ஹாம்பர்க்கில் உள்ள சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயம் டிசம்பர் 15 அன்று, நிபந்தனையில்லாமல் விடுங்கள் என்று உத்தரவிட்டது.

ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை இதில் தெளிவாகவே இருக்கிறது: போர்க்கப்பலுக்கும், வணிகம் சாராத அரசுப் பணியில் உள்ள கப்பலுக்கும் இன்னொரு நாடு பிடித்து வைப்பதிலிருந்து விலக்கு உண்டு. அரசே சரக்கு ஏற்றிக் காசு பார்த்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். டீசல் போட்டுவிட்டுப் பணத்துக்கு அலைகிறவருக்கும் சம்பளம் வராத மாலுமிக்கும் கையில் இருக்கும் ஒரே பிடி அந்தக் கப்பல்தான். கோர்ட் ஆள் போய் உத்தரவை ஒட்டி, துறைமுகம் புறப்பாட்டு அனுமதியை நிறுத்தினால் பணம் தானாக வரும். கப்பல் கிளம்பிவிட்டால் யாரைப் போய்ப் பிடிப்பது?

சரி, நம் சட்டம் என்ன செய்கிறது? நம் அரசின் கடற்படைக் கப்பலுக்கு நேரடியாக விலக்குத் தருகிறது. வெளிநாட்டுக் கப்பலென்றால் மட்டும், வணிகம் சாராத பணியில் இருந்தாலும், மத்திய அரசின் அறிவிக்கையைப் பொறுத்தது என்று விட்டுவிடுகிறது. எனக்கு உறுத்துவது இதுதான். அவசர மனு ஒன்று வந்து நிற்கும் மாலையில், அறிவிக்கை இருக்கிறதா, இந்தக் கப்பல் அதில் அடங்குமா என்று வழக்கறிஞர்கள் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

விலக்கைச் சட்டத்திலேயே எழுதுங்கள், வணிகம் செய்யும் அரசுக் கப்பலுக்கு அது இல்லை என்பதையும் அதே பிரிவில் சேருங்கள். அப்புறம், கப்பல் எந்தப் பணியில் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் வெளியுறவுத் துறை உடனே நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றும் கட்டாயமாக்குங்கள்.