மூச்சிரைப்பை முதுமை என்று விட்டுவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெஞ்சைத் திறக்காமலே இதய வால்வை மாற்றும் சிகிச்சையைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை, அந்தச் சிகிச்சையால் அம்மாவைத் திரும்பப் பெற்ற மகன் என்ற முறையில் இரண்டு முறை படித்தேன். சிகிச்சையின் சிறப்பைக் கட்டுரை நன்றாகவே சொல்கிறது. ஆனால், ஒரு நோயாளி அந்தச் சிகிச்சை வரை எப்படிப் போய்ச் சேருகிறார் என்பதை அது தொடவில்லை. எங்கள் கடற்கரையில் குறையே அங்கேதான் இருக்கிறது.

என் அம்மாவுக்கு வயது 76. தங்கச்சிமடத்தில் கருவாடு காயப்போட்டு விற்று எங்களை வளர்த்தவர். கரையிலிருந்து வீடு வருவதற்குள் கூடையை இறக்கி வைத்து ஓரிடத்தில் உட்காரத் தொடங்கினார்; பிறகு அது இரண்டிடமாயிற்று, மூன்றிடமாயிற்று. வயதாகிவிட்டது, இனிக் கூடை தூக்க வேண்டாம் என்று நாங்களும் சொல்லிவிட்டோம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதம் தவறாமல் மாத்திரை வாங்கி வந்தவரின் நெஞ்சில், அந்தக் காலம் முழுவதும் யாரும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கவில்லை. ஒருநாள் குடத்துடன் மயங்கி விழுந்த பிறகுதான் ஒரு மருத்துவர் வைத்துக் கேட்டார், நெடுநேரம் கேட்டார். பிறகு அதை என் காதில் மாட்டினார். இரண்டு துடிப்புக்கும் நடுவே ரம்பம் இழுப்பதுபோல் கரகரவென்று ஓர் ஓசை. இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசலான அயோட்டிக் வால்வு 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டும்; அது சுண்ணாம்பு படிந்து இறுகி, 1 சதுர சென்டிமீட்டர்கூடத் திறக்கவில்லை என்பதை, ஒலியலையால் இதயத்தைப் படமாகக் காட்டும் எக்கோ சோதனை காட்டியது. இந்த இறுக்கத்தைக் கரைக்க மாத்திரை கிடையாது.

2002 ஏப்ரல் 16 அன்று பிரான்சின் ருவான் நகரில் இதய மருத்துவர் அலன் கிரிபியே முதன்முதலாக ஒரு மனிதருக்கு இப்படி வால்வு பொருத்தியதைக் கட்டுரை சொல்கிறது. அதற்கு முந்தைய தோல்வியையும் சொல்லியிருக்கலாம். 1985இல் அவரே இறுகிய வால்வுக்குள் பலூனை விரித்துத் திறந்து பார்த்தார். பலருக்கும் சில மாதங்களிலேயே அது மறுபடி குறுகிவிட்டது. திறந்த வழி மூடாதிருக்க ஒரு கம்பிவலைக் கூட்டையும் அதற்குள் புது வால்வையும் வைத்துவிட வேண்டும் என்ற எண்ணத்துக்கு அவரைக் கொண்டுபோனது அந்தத் தோல்விதான். டென்மார்க்கின் மருத்துவர் ஹென்னிங் ருட் ஆண்டர்சன் 1989இலேயே பன்றிகளிடம் அதைச் செய்து பார்த்திருந்தார். அறுவையைத் தாங்கமாட்டார்கள் என்று விடப்பட்டவர்களிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட பார்ட்னர் ஆய்வில், பழைய சிகிச்சை பெற்றவர்களில் 50.7 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் இறந்தனர்; புது வால்வு பெற்றவர்களில் 30.7 விழுக்காட்டினர். நூற்றுக்கு 20 பேர் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள்; அந்த 20 பேரில் ஒருவராகவே நான் அம்மாவைப் பார்க்கிறேன்.

தொடை மடிப்பில் உள்ள ரத்தக் குழாய் வழியாக, மாட்டின் இதய உறையில் செய்த வால்வைச் சுருக்கிக் கொண்டுபோய், பழைய வால்வை ஓரம் தள்ளி விரித்தார்கள். மறுநாளே வார்டில் நடந்தார். தொடையில் ஒரு பிளாஸ்திரி மட்டும் இருந்தது. எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதும், சிலருக்கு இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படலாம் என்பதும் உண்மை. சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து, இதயத்தின் மற்றொரு வால்வான மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு வழி வேறு.

செலவுக்கு நாட்டுப்படகில் இருந்த பங்கை விற்றோம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது; எங்களிடம் கேட்ட தொகை அதைப் போல மூன்று மடங்கு. குஜராத்தின் வாபியில் செய்யும் இதே வகையான மைவால் வால்வுக்கு 2018இலேயே ஒப்புதல் கிடைத்திருக்கும்போது, அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைக்க முன்வர வேண்டும்.

அதற்கும் முன்னால், அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளர்கள், அறுபது கடந்தவர்களிடம் நடந்தால் மூச்சு வாங்குகிறதா, எப்போதாவது மயக்கம் வந்ததா என்று இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கட்டும். ஆம் என்பவர்களைத் தொண்டி முதல் இராமேசுவரம் வரையுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர் நெஞ்சில் வைத்துக் கேட்கட்டும். மாதம் ஒருநாளாவது அங்கே எக்கோ கருவி வரட்டும். இதைத் தங்கள் இதழ் சுகாதாரத் துறையின் பார்வைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அம்மா விழுந்த அதே தெருவில், நடுவழியில் கூடையை இறக்கி வைத்து உட்காரும் இரண்டு பாட்டிகளை இந்த வாரமும் பார்த்தேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.