கிழிசல் கொடுத்தவர்களுக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கும், தெருவைத் தாண்டி இருந்து உதவியவர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டை மாடித் துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கிய, தாள் கிழிசல்களை ஒட்டிச் செய்த 51 அட்டைகளைப் பார்க்க இத்தனை பேர் மாடியேறி வருவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டீ தீர்ந்துபோய் இரண்டாவது தடவை பால் வாங்க ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. இறங்கும்போது பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான்: “இதெல்லாம் நீங்களே பண்ணுனதா?” அந்த நேரத்துக்குத் தலையாட்டி வைத்தேன். ராத்திரி படுத்த பிறகு அது உறுத்தியது. அதனால்தான் இந்த மடல்.

வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். படம் வரையத் தெரியாது. போன வருடம் போகிக்கு வெளியே போடக் கட்டி வைத்த தாள் மூட்டையில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் தங்க ஓரம் கண்ணில் பட்டது. அதைக் கத்தரித்து, பக்கத்தில் ஒரு தீப்பெட்டிப் படத்தை ஒட்டி, பின்னால் முகவரி எழுதி, 5 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி நாகர்கோவிலில் இருக்கும் பள்ளித் தோழனுக்குத் தபாலில் போட்டேன். வந்து சேர்ந்ததும் அவன் போன் செய்தான். “டேய், உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்பதுதான் முதல் பாராட்டு. அப்புறம் வாரம் ஒன்று என்று ஆகிவிட்டது. வாங்கிய 14 பேரும் பத்திரமாக வைத்திருந்து, ஒரு நாள் இரவலாகத் திருப்பி அனுப்பியதால்தான் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. ஐம்பத்திரண்டாவது எந்த ஊர்ப் பெட்டியில் கிடக்கிறதோ!

முதல் நன்றி போஸ்டர் ஒட்டும் அண்ணனுக்கு. மதுரையில் காதுகுத்து, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாச் செய்தியும் சுவருக்குத்தான் முதலில் வரும். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி ஒட்டி, சில சுவர்களில் தாள் அடை கனத்துக்கு ஏறியிருக்கும். ஐப்பசி மழையில் அது உப்பி, ஓரம் விட்டுத் தொங்கும். அப்படி விழுந்த பாளம் ஒன்றை வீட்டுக்குத் தூக்கி வந்து, அகலப் பாத்திரத்துத் தண்ணீரில் ஊறப் போட்டு, ஒவ்வொரு தாளாக உரித்தேன். மேலே ஒரு தலைவரின் பிறந்தநாள், அதற்கு அடியில் பூப்புனித நீராட்டு விழா, அதற்கும் அடியில் ஒரு சினிமாக்காரரின் பாதி மீசை. 1949இல் பாரிசில் ரேமோன் ஏன்ஸ், ஜாக் வில்லெக்லே என்ற இரண்டு பேர் இதே மாதிரி தெருச் சுவரின் கிழிந்த போஸ்டர்களை உரித்துப்போய், அதையே படம் என்று வைத்தார்கள். மதுரைக்கு வந்திருந்தால் ஊரைவிட்டே போயிருக்க மாட்டார்கள்.

அண்ணன் எனக்குப் பசை காய்ச்சக் கற்றுக் கொடுத்தார். மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றி, கைவிடாமல் கிண்ட வேண்டும். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கிவிட வேண்டும். இராமபாணப் பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம். துத்தம் விஷம் என்பதால் அந்தப் பாத்திரம் அப்புறம் சமையலறைப் பக்கம் போகக் கூடாது. இதை அவர் சொல்ல மறந்து, நான் முதலில் எடுத்தது என் மனைவியின் பால் பாத்திரத்தை. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

அவர் இன்னொன்றும் சொன்னார். ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலிருந்து ஒரு கண்ணை மட்டும் அழகாகக் கத்தரித்து வைத்திருந்தேன். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியும் நல்ல கண். அதைப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். “இந்தப் பையனுக்கு நான்தான் ஒட்டுனேன் சார். அவுங்க அம்மா அந்தச் சுவரத் தாண்டித்தான் தண்ணி எடுக்கப் போகும். அஞ்சலி போஸ்டர்ல முகத்த மட்டும் வெட்டாதீங்க.” அந்தக் கண்ணைத் திரும்பவும் அந்த முகத்தில் ஒட்டி மடித்து வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு அஞ்சலி போஸ்டரில் நான் எடுப்பது ஓரத்துப் பூ அலங்காரமும், சில சமயம் ‘இவண்’ என்ற எழுத்தும்தான்.

அடுத்தது பைண்டிங் கடைப் பெரியவர். என் ஆரம்ப அட்டைகள் எல்லாம் காய்ந்ததும் அப்பளம் மாதிரி சுருண்டன. பசையில் கோளாறு என்று நினைத்து இன்னும் கெட்டியாகக் காய்ச்சினேன், இன்னும் சுருண்டன. அவர் ஒன்றைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ஈரம் பட்டால் தாள் விரியும், காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். முதுகுப் பக்கமும் ஒரு தாள் ஒட்டினால் இரண்டும் சமமாக இழுத்து அட்டை நிமிர்ந்து நிற்கும். தாளில் நார் ஓடுகிற திசையும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். லேசாக மடக்கிப் பார்த்தால் எந்தப் பக்கம் மடிப்பு சுலபமாக விழுகிறதோ, அந்த மடிப்புக் கோட்டின் திசையிலேயே நார் ஓடுகிறது என்று கணக்கு. இப்போது எங்கள் வீட்டு அம்மிக்கல் அட்டைகளின் மேல் பாரமாக உட்கார்ந்திருக்கிறது.

ஓய்வுபெற்ற நடத்துநர் ஐயாவிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். பழைய கலர் டிக்கெட் கட்டுகளின் மிச்சத்தை 20 வருடம் பெட்டியில் வைத்திருந்து எனக்குக் கொடுத்தார். கூடவே, தன் பேத்தி சேர்த்து வைத்திருந்த இப்போதைய மெஷின் டிக்கெட்டுகளையும். கசங்கியிருக்கிறதே என்று இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்தேன். புகை வரவில்லை, வாசனை வரவில்லை, தாள் முழுக்கக் கறுத்துப்போனது. அது சூடு பட்டால் கறுக்கிற தாள். எழுத்தே அப்படித்தான் விழுகிறது என்று அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பிள்ளை அழவில்லை, “ராத்திரி பஸ்” என்று சொன்னது. அந்தக் கறுப்புத் தாள்தான் முப்பத்தோராவது அட்டையின் வானம். கலர் டிக்கெட்டுகள் அதில் ஜன்னல்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தில் குர்ட் ஷ்விட்டர்ஸ் என்பவர் டிராம் டிக்கெட்டும் மிட்டாய்த் தாளும் பொறுக்கி ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு வங்கி விளம்பரத்தில் கிழிந்து மிஞ்சிய ‘மெர்ட்ஸ்’ என்ற நாலெழுத்தையே தன் கலைக்குப் பெயராக வைத்துக்கொண்டார். அவரிடம் இந்தப் பேத்தி மாதிரி ஒருத்தி இருந்தாளா தெரியாது.

தபால் நிலையத்து கவுன்ட்டர் அக்காவுக்கு. பட்டன் தைத்த ஒரு அட்டையைக் கவரில் போட்டு நானே பெட்டியில் சேர்த்துவிட்டேன். எடை 20 கிராமைத் தாண்டிவிட்டது. நான் குறைத்து ஒட்டிய தொகைக்கு இரண்டு மடங்கு தண்டம் கட்டி வாங்கிய திருவண்ணாமலை நண்பர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். அதற்குப் பிறகு எல்லாமே அக்காவின் தராசு ஏறித்தான் போகும். மேடுபள்ளமாக எதையும் ஒட்டாதீர்கள், சீல் சரியாக விழாது என்று சொன்னதும் அவர்தான். ஒரு நாள் சீலைக் கையில் வைத்துக்கொண்டு, “எங்க குத்தட்டும்?” என்று கேட்டார். ஸ்டாம்பிலும் பட வேண்டும், படத்திலும் பட வேண்டும் என்றேன். கோபுரத்துக்கு மேலே நிலா மாதிரி விழுந்தது. நான் ஒட்டியிருந்தால்கூட அந்த இடத்தில் ஒட்டத் தோன்றியிருக்காது.

பாதி ஒட்டிய அட்டையை அனுப்பி, “மிச்சத்தை நீங்கள் சேர்த்து எனக்கே திருப்பி அனுப்புங்கள்” என்று நான் கேட்டது சொந்த யோசனை இல்லை. நியூயார்க்கில் ரே ஜான்சன் என்ற கலைஞர் பல வருடம் செய்த வேலை அது. தபாலில் அனுப்புவதையே கலையாகச் செய்கிற ‘தபால் கலை’ என்றாலே முதலில் சொல்லப்படும் பெயர் அவருடையது. ஆறு பேருக்கு அனுப்பினேன். குவைத்திலிருந்து என் அக்கா மகன் ரொட்டிப் பொட்டலத்தின் அரபு எழுத்தை ஒட்டி அனுப்பினான். தஞ்சாவூர் டீச்சர் ஒரு பையனின் கிழிந்த கணக்கு நோட்டைச் சேர்த்திருந்தார், விடை தப்பு. நாலு பேர் அனுப்பவில்லை. பரவாயில்லை, மறுபடி அனுப்புவேன்.

புதுப் பால் பாத்திரம் வாங்கிய பிறகு சமாதானமாகி, தையல் மிஷினடியில் சேர்ந்த துண்டுகளை நிறம் பிரித்து டப்பாவில் போட்டுக் கொடுத்த என் மனைவிக்கு என்ன எழுதினாலும் திருத்தம் சொல்வாள். அதனால் விட்டுவிடுகிறேன்.

கடைசியாக எதிர்வீட்டு ஆச்சி. தினம் கிழிக்கிற காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் உங்கள் குடும்பக் கணக்கு முழுவதும் இருக்கிறது. அதையெல்லாம் வருடக்கணக்காகக் கம்பியில் குத்தி வைத்திருந்து, ஒரு கொத்தை அப்படியே உருவிக் கொடுத்தீர்கள். ராகுகாலம் போட்ட பக்கத்தைக் கீழே வைத்து, உங்கள் கையெழுத்துப் பக்கத்தைத்தான் மேலே வைத்து ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கொடியில் அதைப் பார்த்ததும், “அடப்பாவி, ஜூன் மாசத்துப் பால் கணக்கு இங்கயா இருக்கு?” என்று கேட்டீர்களே. 14ஆம் தேதி பால்காரர் அரை லிட்டர் குறைத்தாரா இல்லையா என்று அவரோடு இன்னும் வழக்கு இருக்கிறதாமே. அட்டையைத் திருச்சிக்குத் திருப்பி அனுப்பும் முன்னால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். தீப்பெட்டிப் படத்தின் ஓரம் கொஞ்சம் மறைக்கிறது, ஆனாலும் தெரிகிறது. ஒரு லிட்டர்தான் போட்டிருக்கிறீர்கள் ஆச்சி. அவர் குறைக்கவில்லை.