ஊசி போட வேண்டியவருக்கு வாய்தா போடுறாங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

ஜெயில் நெரிசல் பத்தி போன வாரம் நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன். உள்ள இருக்கறவங்கள்ல 100க்கு கிட்டத்தட்ட 75 பேரு இன்னும் தண்டனையே ஆகாத விசாரணை கைதிங்கதான்னு எழுதியிருந்தீங்க, நல்லா எழுதியிருந்தீங்க, ஆனா மனசு சரியில்லாம போய், அதனாலயே உள்ள போனவங்கள பத்தி ஒரு வரி கூட இல்ல. எங்க பெரியண்ணன் அப்படி போனவருதான், அதான் இத எழுதுறேன்.

அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரீனியாங்கற மனநோய். மாசம் ஒரு ஊசி, ராத்திரிக்கு மாத்திரை. அது ஒழுங்கா போயிட்டிருந்தா ஆளு இருக்கற இடம் தெரியாது, பால் வாங்கிட்டு வருவாரு, ரேஷன் கடைல போய் நிப்பாரு, யாரு வீட்டு விசேஷம்னாலும் பந்தில தண்ணி ஊத்த மொத ஆளா நிப்பாரு. எட்டு வருஷத்துக்கு முன்னாடி அம்மாவுக்கு கண் ஆபரேஷன், என் மகளுக்கு பரீட்சை, இந்த அலைச்சல்ல ரெண்டு மாசம் ஊசிய விட்டுட்டோம். தப்பு எங்க மேலதான். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடை டிவி தன்ன பத்தி கேவலமா பேசுதுன்னு கல்ல எடுத்து எறிஞ்சுட்டாரு. கண்ணாடி போச்சு. யாருக்கும் அடி கிடையாது. ஸ்டேஷன்ல ஒரு ராத்திரி, மறுநாள் கோர்ட்டு. போலீஸ் அடிச்சாங்களானு ஜட்ஜு கேட்டதுக்கு "மொதல்ல அந்த டிவிய நிறுத்த சொல்லுங்க"ன்னு சொன்னாராம். பக்கத்துல நின்னவங்க சிரிச்சிருக்காங்க. 15 நாள் ரிமாண்ட், அடுத்த கேஸ கூப்பிட்டாச்சு.

அந்த பதில கேட்ட பொறவாவது யாராவது ஒருத்தர், சார் இவர டாக்டர் பாக்கட்டும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சொல்ல அங்க ஆளில்ல. யாரு வேலையும் அது இல்ல.

மனு போட்டு பாக்க போனப்ப மாத்திரை அட்டையையும் பழைய ஆஸ்பத்திரி சீட்டையும் மஞ்சப்பைல போட்டு எடுத்துட்டு போனேன். வெளி மாத்திரை உள்ள போகாது, ஜெயில் டாக்டர் எழுதணும்னாங்க. சரி டாக்டர் எப்பம்மா பாப்பாரு, வெள்ளிக்கிழம வாங்க. வெள்ளிக்கிழம போனா மனசு டாக்டர் தனி, அவரு இன்னைக்கு வரல. கம்பி வலைக்கு அந்தப்பக்கம் முப்பது பேரு ஒரே நேரத்துல கத்துறாங்க, எங்கண்ணன் மட்டும் சத்தமே போடாம விரல எண்ணிட்டு நிக்குறாரு, கடைசில "ஊசி கொண்டாந்தியா"ன்னு கேட்டாரு. அவருக்கே தெரிஞ்சிருக்கு சார் தனக்கு என்ன வேணும்னு.

மாமா வீட்டு வரி ரசீத கொண்டாந்து ஷூரிட்டி நின்னப்புறம்தான் வெளிய வந்தாரு, அதுக்குள்ள ஒண்ணே முக்கா மாசம் ஓடிருச்சு. வாய்தாவுக்கு வாய்தா நடந்ததெல்லாம் தனி கதை.

பொறவு சட்ட உதவி மையத்துல ஒரு சின்னப் பொண்ணு வக்கீல் சொல்லித்தான் தெரியும், சட்டத்துல இதுக்கெல்லாம் வழி இருக்குன்னு. மனசு சரியில்லாததால தன் கேஸ நடத்த முடியாத நிலைல ஒருத்தர் இருந்தா, ஜாமீன்ல விட முடியாத கேஸா இருந்தாலும் கோர்ட்டு அவர விடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 330வது பிரிவு, அதுக்கு பதிலா 2024 ஜூலைல வந்த புது சட்டத்துல 369வது பிரிவு. ஆனா அதுல ஒரு கொக்கி இருக்கு. சொந்தக்காரரோ நண்பரோ ஒருத்தர் முன்ன வந்து, நான் இவர ஒழுங்கா வைத்தியத்துக்கு கூட்டிட்டு போறேன், யாருக்கும் தொந்தரவு வராம பாத்துக்கறேன்னு பொறுப்பேத்துக்கணும். எங்கண்ணனுக்கு நாங்க இருந்தோம். யாருமே இல்லாதவனுக்கு?

அண்ணன் பிளாக்குலயே ஒரு வடநாட்டு பையன் இருந்தானாம், பேரு ஊரு எதுவும் சொல்ல தெரியாது, ரயில்வே ஸ்டேஷன்ல எதையோ எடுத்துட்டான்னு கேஸு. அவன பாக்க ஒருத்தரும் வந்ததில்ல. பிஸ்கட் குடுத்தா பாதிய எடுத்துட்டு பாதிய திருப்பி குடுப்பானாம்.

இந்த மாதிரி ஆளு எவ்வளவு நாள் உள்ள கிடக்க முடியும்னு நெனைக்கிறீங்க? அசாம்ல மச்சாங் லாலுங்னு ஒருத்தர 1951ல பிடிச்சு மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. 1967லயே இவரு சரியாயிட்டாருன்னு ஆஸ்பத்திரி எழுதி குடுத்துருச்சு, அப்பவும் வீட்டுக்கு விடல, ஜெயிலுக்கு மாத்தி, வெளிய விட்டது 2005ல. 54 வருஷம், விசாரணைன்னு ஒண்ணு நடக்கவே இல்ல. கடைசில ஒரு ரூபா ஜாமீன்ல விட்டாங்க. அந்த ஒரு ரூபாய 1951லயே யாராவது கட்டியிருக்கலாம்.

இதுக்கு பெரிய பெரிய ஆஸ்பத்திரி கட்டுங்கன்னு சொல்றாங்க. எனக்கு அது சரியா படல. ஜெயில விட்டா கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி, ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லாததுதான் பிரச்சனை. குடும்பம் இல்லாதவங்கள தர்கா பக்கம், கோயில் பக்கம் விட்டுட்டு வந்த காலத்துல ஏர்வாடில என்ன ஆச்சுன்னு தெரியும், 2001 ஆகஸ்ட்ல தீ பிடிச்சப்ப சங்கிலில கட்டியிருந்த 28 பேரு அப்படியே கருகி போனாங்க. அடைக்கறதுக்கு இடம் கேக்கல சார். சாதாரண தெருவுல ஒரு வாடகை வீடு, அதுல நாலஞ்சு பேரு, பக்கத்துல ஒரு பராமரிப்பாளர், மாசம் ஒருக்கா ஜிஹெச்சுல ஊசி. சென்னைல மனநோயாளிகளுக்காக வேலை செய்யற பேனியன் அமைப்பு இப்படி வீடு எடுத்து நடத்திக்கிட்டுதான் இருக்கு. 2017 மனநல சட்டத்துலயும் இந்த மாதிரி வீடுகள அரசாங்கம் ஏற்பாடு பண்ணணும்னு இருக்கு. 369ல சொல்ற அந்த "நண்பர்" ஏன் இப்படி ஒரு வீடா இருக்கக்கூடாது? அந்த வீட்டு பொறுப்பாளர் கையெழுத்து போட்டா கோர்ட்டு ஏத்துக்கட்டுமே.

அமெரிக்காவுல மயாமில லைஃப்மன்னு ஒரு ஜட்ஜு 2000ல இத ஆரம்பிச்சிருக்காரு. சின்ன கேஸுல வர்ற மனநோயாளிகள ஜெயில்ல இருந்து வைத்தியத்துக்கு மாத்தி விட்டு, வீடு, மாத்திரை எல்லாத்தையும் கூட நின்னு பாத்துக்க ஆளு போட்டாங்க. அதுக்கு முன்னாடி நாலுல மூணு பேரு ஒரு வருஷத்துக்குள்ள திரும்ப உள்ள வருவாங்களாம், இப்ப அஞ்சுல ஒருத்தர். போலீஸுக்கும் தனியா பயிற்சி குடுத்திருக்காங்க. பணக்கார ஊருன்னு சொல்லிடாதீங்க, ஒருத்தர மாசக்கணக்குல ஜெயில்ல வெச்சு சோறு போட்டு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரெண்டு போலீஸோட வேன் அனுப்பற செலவுல எத்தன ஊசி வாங்கலாம்னு கணக்கு போட்டு பாருங்க.

மெண்டல்னு சொல்லி எல்லாரும் தப்பிச்சுருவாங்கன்னு எங்க சித்தப்பாவே சொல்லுவாரு. கொலை கேஸ யாரும் இங்க பேசல. செருப்பு திருடுனது, டிக்கெட் இல்லாம வந்தது, கண்ணாடிய உடச்சது, இதத்தான் பேசறோம். அதுலயும் டாக்டர் பாத்து எழுதி குடுக்கணும், வைத்தியத்துக்கு வரலன்னா கோர்ட்டு திரும்ப கூப்பிடலாம். ஆறு மணி ஆனா பக்கத்து வீட்டு டிவிக்கு பயந்து காத பொத்திக்கிட்டு உக்காந்திருக்கற ஆள பாத்தவங்க, இது தப்பிக்கற வழின்னு சொல்ல மாட்டாங்க.

உங்க நிருபர்கள்ல யாரையாவது அனுப்பி, நம்ம மாவட்டத்துல மனசு சரியில்லன்னு ஜெயில் டாக்டரே எழுதுன விசாரணை கைதிங்க எத்தன பேரு, அவங்கள்ல பாக்க ஆளே வராதவங்க எத்தன பேருன்னு மட்டும் கேட்டு போடுங்க சார். அண்ணன் இன்னைக்கும் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கறப்பல்லாம் அந்த பையன் வெளிய வந்துட்டானானு என்கிட்டத்தான் கேக்குறாரு.

கடிதத்த போட்டா என் பேரு, ஊரு போட வேண்டாம். அண்ணனுக்கு ஒண்ணும் இல்ல, அவரு போடுங்கன்னுதான் சொல்றாரு. மகளுக்கு வரன் பாத்துட்டு இருக்கோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி